கால் வைக்கும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர்

தகரப் பட்டறைக்காரருக்குத் தன் மச்சினிமேல் பதினாலு வருசமாக ஒரு கோபம். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று, தன் கையாலேயே ஒரு தகர அலமாரி செய்து சமையலறையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வந்த சனம் எல்லாம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்து மெச்சிக்கொண்டிருந்த நேரம். பெண்டாட்டியின் தங்கை, அப்போது இருபத்திநாலு வயசு, கைப்பையிலிருந்து ஒரு அளவு டேப்பை உருவினாள். குனிந்து நாலு காலையும் அளந்தாள்.

"மாமா, இந்த இடது கால் ரெண்டு மில்லி குட்டை."

வீடு கொள்ளாத கூட்டம். ஒரு ஆள் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். சொந்தபந்தத்துக்குள் அன்றைக்கு ஒட்டிய பேர்தான், இன்றுவரைக்கும் அவர் 'ரெண்டு மில்லி'. துக்க வீட்டுக்குப் போனால்கூட யாராவது ஒருவன், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாங்க ரெண்டு மில்லி" என்பான்.

அவரும் பதிலுக்கு அவளுக்கு 'டேப்பு' என்று பேர் வைத்தார். வைத்து என்ன பிரயோசனம், அவள் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டாள்.

டேப்பு ஆள் அப்படித்தான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, கட்டிட வரைபடங்களை நகல் எடுத்துக் கொடுக்கும் கடையில் வேலைக்குப் போனவள். பாய் அகலத்துக்கு இருக்கும் காகிதங்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுவது வேலை. எல்லாரும் சுருட்டினார்கள், இவள் சுருட்டுவதற்கு முன்னால் படித்தாள். ஒருநாள் ஒரு இன்ஜினியரிடம், "சார், உங்க பாத்ரூம் கதவைத் திறந்தா வாஷ்பேசின்ல இடிக்குமே" என்று சொல்லிவிட்டாள். அந்த மனுசன் முறைத்துக்கொண்டு போனவர், மறுவாரம் திரும்பி வந்து, "இடிக்கத்தான் செய்யுது" என்றார். அவர்தான் அவளைச் சமையலறை அலமாரிகள் விற்கும் ஷோரூமில் சேர்த்துவிட்டார். அங்கே பதினோரு வருசம். கம்ப்யூட்டரில் அடுப்பு மேடையும் அலமாரியும் வரைந்து, நிஜப் போட்டோ மாதிரி படம் எடுத்துக் கொடுப்பாள். கீழே முதலாளி தன் பேரைப் போட்டுக்கொள்வார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள்.

கணக்கு டீச்சர் விசயத்தில்தான் பொறுக்க முடியவில்லை. விபத்தில் கால் இரண்டும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருக்கிற டீச்சர். தனி ஆள். உட்கார்ந்தபடியே சமைக்கிற மாதிரி ஒரு சமையலறை வேண்டும் என்று ஷோரூமுக்கு வந்திருந்தார். டேப்பு அவர் வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கண் எவ்வளவு உயரம், கை எவ்வளவு தூரம் எட்டும் என்று எல்லாம் அளந்து வந்தாள். முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தலைவலி. நம்மகிட்ட இருக்கிற அளவையே போடு. படத்தை மட்டும் தாழ இருந்து எடு, எல்லாம் எட்டுற மாதிரி தெரியும்" என்றார்.

அன்றைக்கே எழுந்து வந்துவிட்டாள். முதலாளி பின்னாலேயே சொல்லி அனுப்பினார்: திங்கட்கிழமை காலையில் வந்து மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வாராம், இல்லையென்றால் வேறு ஆள்.

இவள் என்ன செய்தாள்? நேரே டீச்சரிடம் போனாள். "உங்க கண்ணு உயரத்துல இருந்து, உங்க சமையலறைக்குள்ள நீங்களே சுத்திப் பாக்கலாம். படம் இல்ல, அசையும். சனிக்கிழமை பத்து மணிக்குக் காட்டுறேன். பிடிச்சா எனக்கு வேலை குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வேலை கிடைத்தால் சொந்தத் தொழில். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை தலைகுனிந்து அந்த ஆள் முன்னால் நிற்க வேண்டும்.

சொல்லிவிட்டாளே தவிர, காட்டுவதற்குக் கம்ப்யூட்டர் எங்கே?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டறை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பட்டறைக்காரர் ஒரு மாவுத் தொட்டிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"மாமா."

"என்ன, இன்னைக்கு எதை அளக்க வந்த?"

"என் ஸ்கூட்டரை. கால் வைக்கிற இடத்துல ஒரு பெட்டி நிக்கணும். பதினஞ்சு சென்டிமீட்டர் அகலம், அதுக்கு மேல போனா காலை எங்க வைக்கிறது?"

"கடையில ஆயிரம் பெட்டி விக்கிறான்."

"கம்ப்யூட்டர் பெட்டி மாமா. கடையில விக்கிறது ஒண்ணு ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கு, இல்லன்னா வெலை கேட்டாலே மயக்கம் வருது. லேப்டாப்பும் அதே கதைதான்."

அப்புறம் அவள் சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. சமையலறைக்குள் ஆள் நடக்கிற மாதிரி படம் ஓட வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று தனியாக வேண்டுமாம். சாதாரண கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக முக்கி முக்கிக் காட்டும். கார்டு இருந்தால் சரசரவென்று ஒரு வினாடிக்கு அறுபது படம்.

"ஆபீஸ்காரங்க கழிச்சுப்போட்ட பழைய கம்ப்யூட்டர் சல்லிசா கிடைக்கும். நல்ல சரக்கு. ஆனா ஒல்லிப் பெட்டி, அதுக்குள்ள அரை உயரக் கார்டுதான் போகும். அரை உயரக் கார்டுக்கு ஏக கிராக்கி. முழு உயரக் கார்டு வெலை குறைச்சல், பெட்டியை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அதான் உள்ள இருக்கிறதை எல்லாம் உருவி, நீங்க செய்யிற பெட்டிக்குள்ள வைக்கலாம்னு."

"நான் செஞ்சா ரெண்டு மில்லி குட்டையாப் போயிடுமே" என்றார் அவர்.

அவள் கூச்சமே இல்லாமல், "அளக்க நான் இருக்கேன்ல?" என்றாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கை அதற்குள் தகட்டை எடுத்துக் கனம் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருசமாகத் தொட்டி, புனல், அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு என்று அடித்த கை. கம்ப்யூட்டருக்கு வீடு கட்டச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்லை.

புதன்கிழமை இருவரும் பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். மாடிப்படிக்கு அடியில் கடை. மாட்டுத் தொழுவத்தில் வைக்கோல் மாதிரி வயர் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு ஒல்லி மெஷினைத் தூசி தட்டி நீட்டினார்.

"அக்கா, இது பேங்க்ல இருந்து வந்தது. ஏசியிலயே வளர்ந்த புள்ள."

"கார்டு?"

"இந்தாங்க. ஒத்தை ஃபேன், கையடக்கம். தனியா கரண்டு வயர் குடுக்க வேணாம், சொருகுற இடத்துலயே எடுத்துக்கும். உங்க சின்ன பவர் சப்ளைக்கு இதுதான் தாங்கும்."

"சொருகி ஓட்டிக் காட்டுங்க."

"அக்கா, நம்பிக்கை இல்லையா?"

"உங்கமேல இருக்கு. கார்டுமேல இல்ல."

கடைக்காரர் பட்டறைக்காரரைப் பார்த்து, "அண்ணே, வீட்லயும் இப்படித்தானா?" என்றார்.

"வீட்ல இருக்கிறது இவ அக்கா. இவளாவது டேப்போட விடுவா."

மேசைமேல் திறந்து கிடந்த மெஷினில் கார்டைச் சொருகி அரை மணி நேரம் ஓட்டினார்கள். திரையில் பந்து ஒன்று சுழன்றது, ஃபேன் சுற்றியது, டேப்பு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு கார்டுகள் திரையில் கோடு கோடாகக் கீறின. மூன்றாவதுதான் தேறியது. அதைச் சட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த அழகைப் பார்த்தால், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வருகிறாள் என்று சொல்வார்கள்.

வியாழக்கிழமை பட்டறை அமளிப்பட்டது. பழைய பெட்டியின் அடித்தட்டில் சின்னச் சின்ன பித்தளைக் குமிழ்கள் இருந்தன. எல்லாம் சொருகுகிற மதர்போர்டுப் பலகை அதன்மேல்தான் உட்கார வேண்டும், தகரத்தில் நேரே பட்டால் கருகிவிடும் என்றாள் டேப்பு. அந்தத் தட்டை மட்டும் அப்படியே வெட்டி எடுத்துப் புதுப் பெட்டியின் பக்கச் சுவரில் ரிவிட் அடித்தார். கார்டின் வயர் சொருகுகிற முனை வெளியே தெரிய, சன்னல் மாதிரி வெட்டு. மேலே தோல் கைப்பிடி. தகரத்தூள் ஒரு பொட்டு இருந்தாலும் ஆபத்து என்று சொல்லியிருந்தாள், அதனால் பெட்டியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தார்.

வீட்டிலிருந்து பெண்டாட்டி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள் பார்த்துவிட்டு, "என்னடி, எனக்குக் கல்யாணமாகி இருபது வருசத்துல ஒரு சட்டியைக்கூட இப்படிக் கழுவினதில்ல இந்த மனுசன்" என்றாள்.

"சட்டியில கிராபிக்ஸ் கார்டு இல்லையேக்கா."

தன் வீட்டுக்குப் போகிறபோது டேப்பு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "மாமா, நான் போற ரோடெல்லாம் மண்ணு. தூசி போகாம பாத்துக்குங்க."

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை. அவருடைய தொழிலில் ஓட்டை என்பது கெட்ட வார்த்தை. தொட்டியில் ஓட்டை இருந்தால் ஒழுகும், மாவுப் பெட்டியில் இருந்தால் வண்டு போகும். தூசி போகக்கூடாது என்று சொன்ன பிறகு சும்மா இருப்பாரா? ஒவ்வொரு மூலைக்கும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மூடிக்கு உதடு மடித்து ரப்பர் ஒட்டினார். கார்டு சன்னலைச் சுற்றிக் கம்பளித் துணிப் பட்டை. கடைசியில் சன்னலுக்குக் கீழே வரை தண்ணீர் ஊற்றிச் சோதித்தார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இப்படி ஒரு பெட்டி ஆயுசில் அடித்ததில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை டேப்பு வீட்டு முன்னறையில் எல்லாவற்றையும் உள்ளே வைத்தார்கள். கார்டு 'டக்' என்று உட்கார்ந்தது. அவள் டேப்பை எடுத்தாள். எல்லாப் பக்கமும் அளந்தாள். மறுபடி அளந்தாள். டேப்பைச் சுருட்டி உள்ளே வைத்தாள்.

"என்ன, எவ்வளவு குட்டை?"

"சரியா இருக்கு மாமா."

"எத்தனை மில்லி சரியா?"

"அட, சரியா இருக்குன்னா சரியா இருக்கு!"

டிவியில் வயரைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் கறுப்பு. அப்புறம் டீச்சரின் சமையலறை வந்தது. அவள் சாவிப்பலகையைத் தொட்டதும் அந்த அறை அசைந்தது. அடுப்பு மேடை அருகே வந்தது, சன்னல் வெளிச்சம் பாத்திரம் கழுவும் தொட்டியில் பட்டு மின்னியது, திரும்பினால் அலமாரி. பட்டறைக்காரர் தன்னை அறியாமல் தலையை ஒதுக்கினார், அலமாரிக் கதவு இடித்துவிடும் என்று.

"ஏய் டேப்பு! உள்ள போறோம்டீ!"

"போறோம் மாமா! அறுபது! வினாடிக்கு அறுபது வருது!"

இரண்டு பேரும் குதித்தார்கள். ஐம்பது வயது மனுசன் சோபாமேல் ஏறி நின்றார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பக்கத்து வீட்டு அம்மா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

ஒன்பது நிமிசம் போயிருக்கும். பெட்டிக்குள்ளே ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. படம் தடுக்கித் தடுக்கி நடந்தது. நொண்டியது. அப்புறம் டிவி கறுத்துப்போனது.

டேப்பு முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி போட்டாள். இந்த முறை நாலு நிமிசத்தில் அணைந்தது.

"கார்டு போச்சு மாமா. ஏமாத்திட்டான் அந்த ஆளு. இனிமே வேற கார்டுக்கு எங்க போறது? நாளைக்குப் பத்து மணி..." வயரை உருவிக் கீழே போட்டாள். "பேசாம திங்கட்கிழமை போயி மன்னிப்புக் கேட்டுற வேண்டியதுதான்."

பட்டறைக்காரர் பெட்டிமேல் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. அவருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரப்பர், ஈயம், கம்பளிப் பட்டை. உள்ளே ஒருத்தன் மூச்சுவிட வழியில்லாமல் கிடக்கிறான்.

"கார்டு போகல" என்றார். "நான்தான் கழுத்தைப் புடிச்சிட்டேன்."

மூடியைக் கழற்றிப் போட்டார்கள். ஆறவிட்டு ஓட்டினார்கள். ஓடியது. பத்து நிமிசம், இருபது நிமிசம், ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அழுகையும் சிரிப்புமாக, "தூசி போகக்கூடாதுன்னா காத்துகூடவா போகக்கூடாது? கப்பலா செய்யச் சொன்னேன்? நானும்தான் பாத்தேன், அளவை மட்டும் பாத்துட்டு விட்டுட்டேனே!" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெறந்தே கொண்டுபோயிடலாமா?"

"அந்த ரோட்டுலயா? மண்ணு அள்ளிப் போட்டுக்கிட்டுப் போன மாதிரி இருக்கும்."

அவர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். படுத்துக் கிடந்த பெட்டியை உற்றுப் பார்த்தார். அப்புறம் அதை நெட்டுக்குத்தலாக நிமிர்த்தினார்.

"இந்தா பாரு. சூடு எங்க போகும்? மேல. புகைக்கூண்டுல நான் என்ன செய்யிறேன்? கீழ வாயைத் தொறந்து விட்டு, மேல போக விடுறேன். இதைப் படுக்கப் போட்டா சூடு எங்க போறதுன்னு தெரியாம மோட்டுல முட்டிக்கிட்டு நிக்கும். நிமிர்த்தி வை. அடியில நாலு காலு, காலுக்கு நடுவுல சல்லடை, மேல சல்லடை. கீழ குளுந்த காத்து, மேல சூடு. ஃபேன் பாதி வேலை பாத்தாப் போதும்."

அவள் கண் விரிந்தது. "சல்லடைக்கு உள்ள நைலான் வலை ஒட்டினா தூசியும் நிக்கும்! மாமா, நீங்க..." என்றவள் சட்டென்று குரலை மாற்றி, "ஆனா அறுக்கும்போது தூள் விழும். எல்லாத்தையும் கழட்டுங்க. மறுபடி மூணு தண்ணி!" என்றாள்.

கழற்றினார்கள். பட்டறைக்கு ஓடினார்கள். அவர் அறுத்தார், அவள் வலையை வெட்டினாள், பெண்டாட்டி கழுவினாள். பொழுது சாய்வதற்குள் பெட்டி நாலு காலில் நிமிர்ந்து நின்றது. டேப்பு வீட்டில் மூன்று பேரும் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, அவள் புதிதாகத் திரை ஓரத்தில் வரவைத்த சூட்டு எண்ணைப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு டிகிரி வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிற கார்டு. ஐம்பது ஏறியது, அறுபது, அறுபத்தைந்து. அறுபத்தெட்டில் நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் அங்கேயே நின்றது. மேல் சல்லடைமீது கை வைத்தால் வெதுவெதுவென்று காற்று, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி.

"அறுபத்தெட்டு!" என்று பெண்டாட்டி கத்தினாள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் கத்தினாள்.

சனிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிசம் முன்னால் டீச்சர் வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. கால் வைக்கும் இடத்தில் பெட்டி ஒரு அசைவு இல்லாமல் வந்திருந்தது. பட்டறைக்காரர் அதை டிவி பக்கத்தில் நிறுத்தினார். வயரைச் சொருகினார். டேப்பு பொத்தானை அழுத்தினாள், டிவியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டேப்பு எழுந்து பின்னால் போய்ப் பார்த்தாள். வயரைப் பழைய பலகையின் துளையில் சொருகியிருந்தார் மனுசன். உருவிக் கார்டின் துளையில் சொருகினாள். சமையலறை வந்தது. அவள் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு தகடே வெட்டலாம்.

"உங்க கண்ணு உயரம் நூத்திப் பதினாலு சென்டிமீட்டர் டீச்சர். இது அங்க இருந்து தெரியிறது. இந்த அம்புக்குறி சாவியை அழுத்துங்க, நாற்காலி போகும்."

டீச்சர் அழுத்தினார். மெதுவாக உள்ளே போனார். தொட்டிக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டிருந்தாள், அங்கே போய் நின்றார். திரும்பினார். அடுப்புப் பக்கம் போனார். நின்றார்.

"இந்த அடுப்புத் திருகு எனக்கு எட்டாது."

டேப்பு ஒன்றும் பதறவில்லை. மவுஸை எடுத்து நாலு தட்டுத் தட்டினாள். திருகு, டீச்சர் கண் முன்னாலேயே, மேடையின் முன்முகத்துக்கு இறங்கி வந்தது.

"இப்ப?"

டீச்சர் தன் வலது கையை நீட்டினார். டிவி ஆறடி தூரத்தில் இருந்தது, ஆனாலும் நீட்டினார், திருகைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கினார். மறுபடி உள்ளே போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார். அரை மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை.

"மூணு வருசமா என் சமையலறையில நான் விருந்தாளி மாதிரி இருக்கேன்" என்றார் கடைசியில். அப்புறம் ஒரு ஆசிரியை குரலில், "மேல் அலமாரி மூணும் வேணாம், எடுத்துடும்மா. எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"புதன்கிழமை தச்சரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் டேப்பு. குரல் சாதாரணமாக இருந்தது. கை மட்டும் அளவு டேப்பை உருவுவதும் உள்ளே விடுவதுமாக இருந்தது.

கீழே ஸ்கூட்டரில் பெட்டியை ஏற்றும்போது அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவரும் சிரித்தார். தெரு முழுக்க வெயில். அவள் ஹெல்மெட்டைப் போட்டாள், வண்டியைக் கிளப்பினாள், மறுபடி அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாமா, திங்கட்கிழமை காலையில நான் ஷோரூமுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்னு அந்த ஆள் முகத்துக்கு நேரா சொல்லிட்டு வரணும். நீங்களும் வரணும். கதவுகிட்ட நில்லுங்க. ஒரு வார்த்தை பேசக்கூடாது. சும்மா அந்த ஆளைப் பாத்து முறைச்சுக்கிட்டு நின்னாப் போதும்."